மணிக்கூலி பாக்கி

பேருந்து நேர அட்டவணை போடுவது என் பிழைப்பு.
இடப்பக்கம் ஊர்கள், வலப்பக்கம் மணி, நிமிடம்.
வண்டி நிற்காத ஊருக்கு ஒரு சிறு கோடு.
அந்தப் பழக்கத்தில்தான்
பிர்னா ஆவணக்காப்பகத்தின் குளிர்ந்த மேசையில்
ஒரு தாளை நெடுக்காக மடித்தேன்:
இந்தப் பக்கம் போர்,
அந்தப் பக்கம் யூஸ்டினா ஹெர்க்லோட்ஸ்,
எனக்கு எட்டுத் தலைமுறை முந்தியவள்.
மொத்தம் இருபத்தொரு வருடம், பதினோரு மாதம்.

போருக்கு இடம் போதவில்லை.
ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தாறு, ஆகஸ்ட் கடைசி:
பிரஷ்யப் படை எல்லை தாண்டியது.
அக்டோபர்: பட்டினி கிடந்து சரணடைந்த சாக்சனிச் சிப்பாய்களை
எதிரியின் சட்டையை
நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.
வலப்பக்கம், கோடு.

அடுத்த வருடமும் கோடு.

ஐம்பத்தெட்டில் அவள் பெயர் தென்படுகிறது,
ஊர்மன்றத் தீர்ப்பேட்டில், எலி கடித்த ஓரத்தில்.
தீவனக் கணக்கெடுக்க வந்தவர்களுக்குத் தெரியாமல்
ஒற்றைக்கொம்புப் பசுவைக்
கல்குவாரிக்குள் ஒளித்தாளாம்.
அபராதம் நான்கு குரோஷன்.
மாட்டின் வாயைத் துணியால் கட்டியிருந்தாள் என்று
எழுத்தர் தனியே ஒரு வரி சேர்த்திருக்கிறார்.
பதினேழு வயது. மணற்பாறை இடுக்கில்
ராத்திரி முழுக்க ஒரு பசுவின் மூச்சைப் பிடித்துக்கொண்டு.
ராத்திரி என்பது நான் போட்டது. ஏட்டில் பகலா இரவா என்று இல்லை.

அறுபது, ஜூலை பத்தொன்பது.
டிரெஸ்டன் எரிந்தது. சிலுவைத் தேவாலயம் எரிந்தது.
வலப்பக்கம், அதே தேதி:
பக்கத்து வீட்டு ஆண்குழந்தைக்கு ஞானஸ்நானம்,
ஞானத்தாய், கன்னி யூஸ்டினா.
ஐந்து மணி நேர நடைத் தொலைவில் வானம் புகைந்திருக்க
அவள் கையில் தண்ணீர் சொட்டும் ஒரு சின்னத் தலை.
இதற்கு ஏதாவது பொருள் எழுதலாம் என்று
பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

அறுபத்தொன்று ஜனவரியில் கல்யாணம்.
மாப்பிள்ளை கோட்லோப் ஸுஷ்கே, கல்லுடைப்பவன்,
முன்னாள் படைவீரன்.
எந்தப் படை, எப்படி முன்னாள் ஆனான்,
பாதிரியார் எழுதவில்லை.
எழுதாமல் விட்டதற்கு நன்றி, ஐயா.

சீதனம் முப்பது தாலர்.
அந்த வருடத்துத் தாலர் என்றால்
வெள்ளி முலாம், உள்ளே செம்பு.
விரல் பட்டுப் பட்டு ராஜாவின் மூக்குதான் முதலில் சிவக்கும்.
ரொட்டிக்காரி பல்லால் கடித்துப் பார்த்துத்
திருப்பி வைப்பாள்.
எத்தனையோ தடித்த புத்தகங்களில் இருக்கும் அந்தப் போர்
அவள் உள்ளங்கைக்கு வந்தபோது
சில்லறையாக வந்தது.

அறுபத்துமூன்று, பிப்ரவரி பதினைந்து:
ஹூபர்டுஸ்பர்க் வேட்டைமாளிகையில் சமாதானம்.
எல்லைக்கல் ஒன்றுகூட இடம் மாறவில்லை.
வலப்பக்கம், பிப்ரவரி பன்னிரண்டு: காய்ச்சல், இறப்பு.

மூன்று நாள்.
இணைப்பு வண்டி தவறிவிட்டது என்போம் அலுவலகத்தில்.
சமாதானம் காய்ச்சலுக்கு மருந்தில்லை, தெரியும்.
தெரிந்தும் அந்த மூன்றைத் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தேன்.

அடக்கக் கணக்கின் கீழே வேறொரு மையில்:
மணிக்கூலி பாதி வரவு.
மீதி செல்லாக்காசு. பாக்கி.
தீர்ந்ததற்கான குறுக்குக்கோடு இன்றுவரை இல்லை.
இதை யாரிடம் கட்டுவது என்று காப்பாளரைக் கேட்டேன்.
நான்கு மணிக்கு மூடுவோம் என்றார்.

ஏட்டை மூடப்போகையில்
பக்கத்தின் அடியில்:
மகள் எர்ட்முத்தே, ஒன்பது வாரம்.
அவளுக்கு யார் பால் கொடுத்தது?
எங்கும் இல்லை.
கோடு போடப் போன கை அங்கேயே நின்றது.
அடுத்த வீட்டுக்காரியோ, அந்த ஒற்றைக்கொம்போ,
யாரோ ஒருவர் அந்த நிறுத்தத்தில் நின்றிருக்கிறார்கள்.
இல்லையென்றால்
இந்த மேசையில் இப்போது ஆள் கிடையாது.